எந்த மீன்? எந்த நீர்? – கன உலோகங்களை வகுப்பறையில் எப்படிப் பேசுவது?

மூன்று ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் நீர் மாசுபாடு பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் நீர், பாசி, சிறு மீன், பெரிய மீன், மனிதன் என்று வரிசையாக எழுதி அம்புக்குறி போட்டேன். "ஆலைக் கழிவில் இருக்கும் பாதரசமும் காரீயமும் இப்படித்தான் மீன் வழியாக நம்முடைய தட்டுக்கு வந்து சேருகின்றன" என்று சொல்லிப் பாடத்தை முடித்தேன். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். பாடம் நன்றாக அமைந்துவிட்டது என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் ஒரு மாணவியின் அப்பா பள்ளிக்கு வந்தார். எங்கள் ஊர்க் கண்மாயில் மீன்பாசி ஏலம் எடுத்தவர்களிடம் வலை வீசுகிறவர். பங்காகக் கிடைக்கும் மீனைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்பார்.

"டீச்சர், மீனுல விஷம் இருக்குன்னு பாடம் எடுத்தீங்களாம்ல? பாப்பா வீட்ல மீனைத் தொடவே மாட்டேங்குது. கூடப் படிக்கிற பிள்ளைகளும் அதது வீட்ல போயி சொல்லியிருக்கும்போல, நாலஞ்சு வீட்ல மீன் வேணாம்னுட்டாங்க. பாப்பாவோட அம்மா மாசமா இருக்கா. அவளும் திங்கப் பயப்படுறா. நெசமாவே நம்ம மீனுல விஷம் இருக்கா டீச்சர்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "சரியாப் படிச்சுட்டுச் சொல்றேண்ணே" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டேன். எந்த உலோகம், எந்த நீர், எந்த மீன், யார் சாப்பிடுகிறார், எவ்வளவு சாப்பிடுகிறார் என்ற கேள்விகளை விட்டுவிட்டு, 'மீனில் விஷம்' என்ற பயத்தை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பியிருந்தேன். அதன் பிறகு தேடிப் படித்தவற்றையும், இப்போது இந்தப் பாடத்தை எப்படி நடத்துகிறேன் என்பதையும் ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கன உலோகங்கள் என்பவை எவை?

அடர்த்தி மிகுந்த, குறைந்த அளவிலேயே உயிர்களுக்கு நஞ்சாகக்கூடிய உலோகங்களைப் பொதுவாகக் கன உலோகங்கள் என்கிறோம். பாதரசம், காரீயம், காட்மியம், குரோமியம் ஆகியவை இவ்வகையில் அடிக்கடி பேசப்படுபவை. உலோகப்போலியான ஆர்சனிக்கையும் இவற்றோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். துத்தநாகம், தாமிரம் போன்றவை நம் உடலுக்குச் சிறிதளவு தேவை, மிகுந்தால்தான் தீங்கு. பாதரசம், காரீயம், காட்மியம் மூன்றுக்கும் நம் உடலில் எந்த வேலையும் இல்லை.

இவை பாறையிலும் மண்ணிலும் இயற்கையாகவே உள்ளவை. நீரில் இவற்றின் அளவைக் கூட்டியது மனிதன். தோல் பதனிடும் தொழிலிலிருந்து குரோமியம் வருகிறது. மின்முலாம் பூசும் பட்டறைகளிலிருந்து குரோமியமும் நிக்கலும் காட்மியமும் வருகின்றன. பழைய பேட்டரிகளை உடைக்கும் இடங்களிலும் சில வகைப் பெயிண்டுகளிலும் காரீயம் இருக்கிறது. நிலக்கரியை எரிக்கும்போது பாதரசம் காற்றில் கலந்து, பின்பு மழையோடு இறங்குகிறது. பாஸ்பேட் உரங்களில் சிறிதளவு காட்மியம் கலந்திருப்பதுண்டு.

பூச்சிக்கொல்லிகள் பலவும் நாளடைவில் சிதைந்து வேறு பொருளாகிவிடும். உலோகம் ஒரு தனிமம், அது சிதைவதில்லை. நீரிலிருந்து சேற்றுக்கும், சேற்றிலிருந்து புழுவுக்கும், புழுவிலிருந்து மீனுக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். தனிமம் என்றால் என்ன என்று ஏற்கெனவே படித்த பிள்ளைகளுக்கு இந்த ஒரு கருத்தைச் சொன்னால், மாசு ஏன் பல ஆண்டுகள் நீடிக்கிறது என்பது உடனே விளங்கிவிடுகிறது.

மீனின் உடலில் எங்கே சேருகின்றன?

மீனுக்குள் உலோகம் நுழைய இரண்டு முக்கிய வழிகள் உள்ளன. ஒன்று செவுள்: மூச்சுக்காக ஓயாமல் நீரைச் செவுள் வழியே செலுத்தும்போது கரைந்திருக்கும் உலோகமும் உள்ளே செல்கிறது. மற்றொன்று இரை.

உள்ளே சென்ற எல்லா உலோகமும் ஒரே இடத்தில் தங்குவதில்லை. காட்மியம் பெரும்பாலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேரும். காரீயம் எலும்பிலும் செவுளிலும் ஈரல், சிறுநீரகத்திலும் தங்கும். இவ்விரண்டும் சதையில் குறைவாகவே இருக்கும். ஆகவே குடலையும் ஈரலையும் செவுளையும் நீக்கிச் சுத்தம் செய்யும் நம் வீட்டு வழக்கம் இங்கே உண்மையாகவே உதவுகிறது.

பாதரசத்தின் கதை வேறு. நீர்நிலைக்கு வரும் பாதரசம் காற்றில்லாத அடிச்சேற்றில் சில வகைப் பாக்டீரியாக்களால் மெத்தில் பாதரசமாக மாற்றப்படுகிறது. இதுதான் மிகவும் ஆபத்தான வடிவம். இது புரதத்தோடு பிணைந்துகொள்வதால் நாம் உண்ணும் சதையிலேயே தங்குகிறது. குடலை எடுத்துவிட்டால் போகாது. தோலை உரித்தாலும் போகாது. மஞ்சள், உப்பு, புளி போட்டு எத்தனை முறை கழுவினாலும், எண்ணெயில் பொரித்தாலும் அது வெளியேறாது. "நல்லா வேகவச்சுட்டா சரியாப் போயிடும்" என்பது கிருமிக்குப் பொருந்தும், உலோகத்துக்குப் பொருந்தாது. பெற்றோர் கூட்டங்களில் நான் தவறாமல் சொல்லும் செய்தி இது.

திரட்சி வேறு, உருப்பெருக்கம் வேறு

நான் முன்பு தவறாக நடத்திய இடம் இதுதான். உயிரித் திரட்சி, உயிரி உருப்பெருக்கம் என்ற இரண்டையும் ஒன்றுபோலவே சொல்லியிருந்தேன்.

ஓர் உயிரி தன் வாழ்நாளில், வெளியேற்றும் வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஒரு பொருளைச் சேர்த்துக்கொள்வது உயிரித் திரட்சி. காட்மியம், காரீயம், பாதரசம் மூன்றுமே இப்படித் திரளக்கூடியவை. உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி மேலே போகப் போக அந்தப் பொருளின் செறிவு கூடிக்கொண்டே செல்வது உயிரி உருப்பெருக்கம். கன உலோகங்களில் இதைத் தெளிவாகச் செய்வது மெத்தில் பாதரசம். காரீயமும் காட்மியமும் பொதுவாக நீர்வாழ் உணவுச் சங்கிலியில் மேலே போகப் போகக் கூடுவதில்லை. அடிச்சேற்றை ஒட்டி வாழும் நத்தை, சிப்பி போன்றவற்றில், அதே நீரில் வாழும் பெரிய மீனின் சதையைவிட இவை அதிகமாக இருப்பதுண்டு.

மெத்தில் பாதரசம் உணவுச் சங்கிலியின் உச்சியில் உள்ள மீனில், சுற்றியுள்ள நீரில் இருப்பதைப் போலப் பத்து லட்சம் மடங்கு வரை செறிவடையக்கூடும். நீரைச் சோதித்து 'பாதரசம் மிகக் குறைவு' என்று அறிக்கை வந்தாலும், அங்கே பல ஆண்டுகள் வளர்ந்த வேட்டை மீனில் அது கணிசமாக இருக்க முடிவது இதனால்தான்.

ஆக, பாதரசத்தைப் பொறுத்தவரை மீன் என்ன தின்கிறது, எவ்வளவு வயதானது என்ற இரண்டும் முக்கியம். நம் குளங்களில் வளரும் கட்லா மேல்மட்டத்தில் மிதவை உயிரிகளைத் தின்கிறது. ரோகு நடுமட்டத்தில் பெரும்பாலும் தாவர உணவைத் தின்கிறது. மிர்கால் அடிமட்டத்தில் மட்கிய பொருள்களைத் தின்கிறது. விரால் மற்ற மீன்களையும் தவளைகளையும் பிடித்துத் தின்னும் வேட்டை மீன். ஒரே நீர்நிலையில் பாதரசம் கலந்திருந்தால், வயதான பெரிய விராலில் இருக்கும் அளவும் ஓராண்டு ரோகுவில் இருக்கும் அளவும் ஒன்றாக இருக்காது.

ஓர் ஆறும் ஓர் ஏரியும் சொன்ன பாடம்

பாதரச நஞ்சு என்றதும் ஜப்பானின் மினமாட்டா நினைவுக்கு வரும். 1956-இல் அந்நோய் அதிகாரப்பூர்வமாகக் கண்டறியப்பட்டது. அசிட்டால்டிஹைடு தயாரித்த ஆலையின் கழிவுநீர் கலந்த விரிகுடாவில் பிடித்த மீனையும் சிப்பியையும் தின்றவர்கள் கை கால் மரத்து, பார்வை குறுகி, பேச்சுக் குழறி விழுந்தார்கள். மனிதர்களுக்கு முன்பே அவ்வூர்ப் பூனைகள் வலிப்பு வந்து சுழன்று செத்தன. அவையும் அதே மீனைத் தின்றவை.

மினமாட்டா கடல் சார்ந்தது. 'எங்கள் ஊரில்தான் கடல் இல்லையே' என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் அகானோ ஆற்றைச் சொல்கிறேன். அதே ஜப்பானின் நீகாட்டா மாநிலத்தில் ஓடும் ஆறு அது. 1965-இல் அதன் கீழ்ப்பகுதியில் ஆற்று மீனை நிறையத் தின்று வாழ்ந்த குடும்பங்களில் அதே நோய் வெளிப்பட்டது. காரணமான ஆலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மேலே இருந்தது. பாதிக்கப்பட்டவர்களாக அங்கே ஏறத்தாழ 700 பேர் அங்கீகரிக்கப்பட்டார்கள். பிள்ளைகளிடம் வரைபடத்தில் நம் பள்ளியிலிருந்து 60 கிலோமீட்டர் தொலைவை அளக்கச் சொல்வேன். அவ்வளவு தூரத்தில் உள்ள ஓர் ஊரின் கழிவு நம் ஊர் மீனுக்கு வர முடியும் என்பதை அந்த அளவுகோல் சொல்லிவிடும்.

மினமாட்டா தந்த இன்னொரு பாடத்தைப் பெரிய வகுப்புகளில் கட்டாயம் சொல்ல வேண்டும். நோயின் அறிகுறி ஏதும் இல்லாத, அல்லது மிக லேசாகவே இருந்த தாய்மார்களுக்கு மூளை வளர்ச்சி கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தன. நச்சுக்கொடி கருவிலிருக்கும் குழந்தையைக் காக்கும் அரண் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். மெத்தில் பாதரசம் அந்த அரணைத் தாண்டிச் செல்லும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நம் மாநிலத்திலும் ஒரு நிகழ்வு உண்டு. கொடைக்கானலில் 1980-களில் தொடங்கப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிகள் பழைய பொருள் கடையில் கிடந்தது வெளிச்சத்துக்கு வந்ததும், 2001-இல் மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வில் கொடைக்கானல் ஏரியின் நீரிலும் அடிச்சேற்றிலும் மீனிலும் பாதரசம் கண்டறியப்பட்டது. அங்கு வேலை செய்த 591 தொழிலாளர்கள் தொடர்பான உடன்பாடு 2016-இல்தான் ஏற்பட்டது. நாம் சுற்றுலா அழைத்துச் சென்று படகு விடும் ஏரி அது. பார்ப்பதற்கு அதன் நீரில் எந்தக் குறையும் தெரியாது.

பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க உலக நாடுகள் 2013-இல் மினமாட்டா உடன்படிக்கையை ஏற்படுத்தின. இந்தியாவும் 2018-இல் அதை ஏற்புறுதி செய்தது. ஆய்வகத்தில் பாதரச வெப்பமானிக்குப் பதிலாக ஆல்கஹால் வெப்பமானியோ டிஜிட்டல் வெப்பமானியோ பயன்படுத்துவது நம் கையில் உள்ள சிறிய பங்களிப்பு.

மனித உடலில் என்ன செய்கின்றன?

மெத்தில் பாதரசம் மூளையையும் நரம்புகளையும் தாக்குகிறது. உடலிலிருந்து இதில் பாதி வெளியேற ஏறத்தாழ 50 நாள்கள் ஆகும். அதாவது, மாசுபட்ட மீனைத் தின்பதை நிறுத்தினால் உடலில் அதன் அளவு மாதக்கணக்கில் மெல்லக் குறையும். ஆனால் வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பு திரும்புவதில்லை.

காரீயம் குழந்தைகளின் கற்கும் திறனையும் கவனத்தையும் குறைக்கிறது, இரத்தசோகையை உண்டாக்குகிறது. பாதுகாப்பான அளவு என்று எதையும் காரீயத்துக்குச் சொல்ல முடியாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. எலும்பில் சேர்ந்த காரீயம் பல பத்தாண்டுகள் தங்கும். கருவுற்ற காலத்தில் எலும்பிலிருந்து மீண்டும் இரத்தத்துக்கு வரும்.

காட்மியம் சிறுநீரகத்தில் பத்து முதல் முப்பது ஆண்டுகள் வரை தங்கி அதன் வேலையைக் கெடுக்கிறது, எலும்பையும் பலவீனமாக்குகிறது. ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் சுரங்கக் கழிவிலிருந்து வந்த காட்மியம் நெல்வயலில் பாய்ந்து, அரிசி வழியே உடலில் சேர்ந்து, தும்மினால்கூட எலும்பு முறியும் நிலைக்குப் பலரை ஆளாக்கியது. உலோகம் மீன் வழியே மட்டும்தான் வரும் என்பதில்லை என்பதற்கு இது சான்று.

எவ்வளவு தின்றால் ஆபத்து? ஒரு கணக்கு

'விஷம் இருக்கிறதா, இல்லையா' என்ற கேள்வியை 'எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு தின்கிறோம்' என்று மாற்றுவதற்குக் கணக்குதான் சிறந்த வழி. உணவிலுள்ள வேதிப்பொருள்களை ஆராயும் பன்னாட்டு வல்லுநர் குழு, கருவிலிருக்கும் குழந்தையின் பாதுகாப்பை முன்வைத்து, மெத்தில் பாதரசத்துக்கு ஒரு வார வரம்பை 2003-இல் சொன்னது: உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 மைக்ரோகிராம்.

30 கிலோ எடையுள்ள மாணவருக்கு வார வரம்பு 30 × 1.6 = 48 மைக்ரோகிராம்.

இப்போது கணக்குக்காக இரண்டு மீன்களை எடுத்துக்கொள்வோம். முதல் மீனில் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் மெத்தில் பாதரசம் உள்ளது. அதாவது 100 கிராம் துண்டில் 5 மைக்ரோகிராம். இம்மாணவர் வாரத்துக்கு 960 கிராம் தின்றால்தான் வரம்பைத் தொடுவார். இரண்டாவது மீனில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் உள்ளது. 100 கிராம் துண்டிலேயே 50 மைக்ரோகிராம் வந்துவிடும். வாரம் ஒரு துண்டிலேயே வரம்பு தாண்டிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மீனில் பாதரசம் கிலோவுக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டிலும் வேறு பல நாடுகளிலும் பின்பற்றப்படும் பொதுவான வரம்பு. அந்த எல்லையை ஒட்டிய மீன், எப்போதாவது தின்னும் பெரியவருக்குப் பெரிய சிக்கலாகாது. தினமும் அதையே தின்னும் ஒரு மீனவக் குடும்பத்துக் குழந்தைக்கு அது போதிய பாதுகாப்பாகாது. சட்ட வரம்பு சந்தைக்கானது. ஒருவர் உடம்பில் சேரும் அளவு அவருடைய எடையையும் அவர் தின்னும் அளவையும் பொறுத்தது. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கணக்கை எளிதாகப் போடுகிறார்கள். அலகு மாற்றம், பெருக்கல், வகுத்தல் மூன்றுக்கும் பயிற்சியும் ஆகிறது.

மீனை விடலாமா?

கூடாது என்பதே என் பதில். கிராமத்துக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் நல்ல புரதம் கிடைப்பது கண்மாய், ஏரி மீனில்தான். முள்ளோடு மென்று தின்னும் சின்ன மீன்களில் சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் உண்டு. மூளை வளர்ச்சிக்குத் தேவையான கொழுப்பு அமிலங்களும் மீனில் உள்ளன. கருவுற்ற தாய் பயந்து மீனை முழுவதும் நிறுத்தினால், வராத ஆபத்துக்காகக் கையிலிருக்கும் சத்தை இழக்கிறாள். ஆகவே பிள்ளைகளுக்கு நான் ஐந்து கேள்விகளைக் கற்றுக்கொடுக்கிறேன்.

1. இந்த நீர் எங்கிருந்து வருகிறது? வரும் வழியில் ஆலை, பட்டறை, குப்பைமேடு உண்டா?
2. இந்த மீன் என்ன தின்னும்? தாவரமா, சேற்றிலுள்ள இரையா, மற்ற மீனையா?
3. இதன் வயது எவ்வளவு இருக்கும்? ஓராண்டில் பிடித்ததா, பல ஆண்டு வளர்ந்ததா?
4. எந்தப் பாகத்தைத் தின்கிறோம்? சதையா, ஈரலும் செவுளும் சேர்த்தா?
5. யார் தின்கிறார்? எத்தனை நாளுக்கு ஒருமுறை?

ஆலைக் கழிவு கலக்கும் நீர் என்று தெரிந்தால் அந்த மீனைத் தவிர்ப்பதே நல்லது. அங்கே சிறு மீனைக் குடலோடு தின்பதும் கூடாது. நீரைப் பற்றித் தெரியாதபோது ஒரே இடத்து மீனையே தொடர்ந்து தின்னாமல் மாற்றி மாற்றி வாங்கலாம். கருவுற்றவர்களும் சிறு குழந்தைகளும் வயதான பெரிய வேட்டை மீன்களுக்குப் பதில், தாவரம் தின்று வளர்ந்த இளம் மீன்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

வகுப்பறையில் செய்தவை

முதல் செயல்பாடு, மீன் பட்டியல். பிள்ளைகள் தங்கள் வீட்டில் வாங்கும் மீன்களின் பெயர்களை எழுதி வந்தார்கள். கெண்டை, கெளுத்தி, அயிரை, உளுவை, விரால், ஜிலேபி என்று ஊர்ப் பெயர்களே வந்தன. எது எதைத் தின்னும் என்பதைப் புத்தகத்தைவிட வீட்டிலுள்ள தாத்தாக்களிடம் கேட்டே நன்றாக எழுதினார்கள். அதை வைத்து எங்கள் கண்மாய்க்கே உரிய உணவு வலை ஒன்றைச் சுவரில் வரைந்தோம்.

இரண்டாவது, புள்ளி விளையாட்டு. பத்துப் பேர் பாசி; ஆளுக்கு இரண்டு சிவப்புப் புளியங்கொட்டை. மூன்று பேர் சிறு மீன். பாசிகளிடமிருந்து கொட்டைகளை வாங்கிக்கொள்வார்கள். ஒருவர் விரால், சிறு மீன்களிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார். கடைசியில் ஒரே கையில் இருபது கொட்டை. இது பாதரசத்துக்கான ஆட்டம். காரீயத்துக்கு விதியை மாற்றினேன்: கொடுக்கும்போது பெரும்பகுதியைத் தரையில் போட்டுவிட வேண்டும். விரால் கையில் இரண்டோ மூன்றோதான் மிஞ்சின. திரட்சிக்கும் உருப்பெருக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை அதற்குப் பிறகு யாரும் மறக்கவில்லை. தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் முதல் ஆட்டத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, வரத்துக் கால்வாய் நடை. தலைமையாசிரியர் அனுமதியோடும் இரண்டு பெற்றோர் துணையோடும் கால்வாய்க் கரையில் நடந்து, வழியில் உள்ளவற்றைக் குறித்தோம். ஆலை எதுவும் இல்லை. ஆனால் ஓரிடத்தில் பழைய பேட்டரிகளை உடைத்துக் கரையில் கொட்டியிருந்தார்கள். பிள்ளைகளைத் தொடவிடவில்லை. மறுநாள் ஊராட்சியில் தகவல் சொன்னோம். சில வாரங்களில் அந்த வேலை கால்வாய் ஓரத்திலிருந்து மாற்றப்பட்டது.

அந்த அப்பாவுக்குச் சொன்ன பதில்

காரீயம் பற்றிப் பேசிய அன்று ஒன்று நடந்தது. ஈயம் என்ற சொல்லை நாம் இரண்டு உலோகங்களுக்குப் பயன்படுத்துகிறோம். பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் வெள்ளீயம், அது வேறு. காரீயம் வேறு. இதை விளக்கிவிட்டு, "காரீயத்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். மீனைத் தொடமாட்டேன் என்றிருந்த அந்த மாணவியே கை தூக்கினாள்.

"எங்க வீட்ல இருக்கு டீச்சர். வலைக்குக் குண்டு போட அப்பா அடுப்புல வச்சு உருக்குவாரு. நானும் தம்பியும் ஊத்துறதப் பாப்போம். வலைல குண்டக் கோக்குறப்ப பல்லுல கடிச்சு நெருக்குவாரு."

வீச்சு வலையின் ஓரத்தில் கோத்திருக்கும் குண்டுகள் காரீயம்தான். சமையலறை அடுப்பில் அதை உருக்கும்போது எழும் புகையும் படியும் தூசியும், ஊர்க் கண்மாய் மீனைவிடப் பல மடங்கு ஆபத்தானவை. நான் மீனையே பேசிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டின் உண்மையான ஆபத்து அடுப்பில் இருந்தது. வயிற்றில் குழந்தையோடு ஒரு தாய் அந்த அடுப்பில்தான் சமைக்கிறாள்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, கண்மாய் மீனைப் பரிசோதனைக் கூடத்தில் சோதிக்காமல் முழு உறுதி கொடுக்க என்னால் முடியாது. ஆனால் வரத்துக் கால்வாயில் ஆலைக் கழிவு இல்லை. கண்மாய் கோடையில் வற்றிவிடுவதால் மீன் எதுவும் பல வருஷம் வளர்வதில்லை. குடலையும் செவுளையும் எடுத்துவிட்டுச் சமைத்துச் சாப்பிடுங்கள், பயப்பட வேண்டாம்" என்றேன். பிறகு குண்டைப் பற்றிச் சொன்னேன். வீட்டுக்குள் உருக்க வேண்டாம். சமையல் பாத்திரத்தை அதற்குப் பயன்படுத்த வேண்டாம். பிள்ளைகளை அருகில் விட வேண்டாம். பல்லால் கடிக்க வேண்டாம், குறடு போதும். வலையைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட வேண்டாம். அவர் மனைவியிடம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது வீட்டில் காரீயம் உருக்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லச் சொன்னேன். இரும்பும் சுண்ணாம்பும் குறைவாக உள்ள உடம்பு காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். அதற்கும் முள்ளோடு தின்னும் சின்ன மீன் நல்லது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. "எங்க அப்பாவும் பல்லுலதான் கடிச்சாரு டீச்சர்" என்றார். அதன் பிறகு குண்டைக் கடையிலேயே வாங்கிக்கொள்கிறார். அந்தக் குழந்தை பிறந்து இப்போது எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு வருகிறது. அக்காளும் வீட்டில் மீன் சாப்பிடுகிறாள்.

நம் வகுப்பில் சொல்லும் ஒரு வாக்கியம் அன்று மாலையே பல வீடுகளின் சமையலறைக்குப் போய்விடுகிறது. அதனால் நஞ்சு பற்றிய பாடத்தை நடத்தும்போது, பயத்தோடு பிள்ளைகளை அனுப்பிவிடாமல், கேட்க வேண்டிய கேள்விகளையும் கையில் கொடுத்து அனுப்புவோம். உங்கள் ஊர் நீர்நிலைக்கு நீர் வரும் வழியில் பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து பாருங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத பல செய்திகள் அந்தக் கரையில் கிடைக்கும்.